36 யூனிட் 18 ஆனது. தமிழ் வழிச் சான்றிதழ் ஒரு வகுப்பை மிச்சப்படுத்தியது

2017 ஜூன் மாதம், கலிபோர்னியாவின் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு ஆண்டுப் பொதுக் கல்லூரியில், என் கணக்கில் 36 யூனிட் இருந்தது. படித்துத் தேறிய வகுப்புக்கு எடை போட்டுத் தரும் புள்ளிதான் யூனிட். மூன்று குவார்ட்டர், அதாவது செமஸ்டரைவிடச் சிறிய பருவம், ஒவ்வொன்றிலும் 12. பையனைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து, மதியம் அவனைக் கூப்பிட நேரத்துக்குத் திரும்பி ஓடி வந்து சேர்த்த யூனிட்டுகள். யு.சி.க்கு, அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, மூன்றாம் ஆண்டில் மாறிச் சேர 60 வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாதிக்கு மேல் வந்துவிட்டது என்று கணவரிடம் சொன்னேன். அன்று வீட்டில் பாயசம்.

இரண்டு மாதம் கழித்து, வீடு மாறிய இடத்தில் இருந்த இன்னொரு கம்யூனிட்டி காலேஜில், படிப்பு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் மார்க் பட்டியலை மேசையில் விரித்து, பென்சிலால் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். முதலில் 36-இல் 9 போனது. மீதி 27. அதை ஒன்றரையால் வகுத்தார். 18.

அந்தப் பென்சில் கணக்கை எனக்கு யாராவது ஓராண்டு முன்னால் போட்டுக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் வீட்டுப் பெண்கள், பள்ளி முடித்த பிள்ளைகள் என்று கலிபோர்னியாவில் இந்த வழியில் போகிறவர்கள் நிறையப் பேர்.

வழி நல்ல வழி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1960-இல் கலிபோர்னியா உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. அப்போது யு.சி.யின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதற்குப் பின்னால் நின்ற முக்கியமானவர். மேல்தட்டில் யு.சி., அடுத்து சி.எஸ்.யு. என்கிற மாநிலப் பல்கலைக்கழகம், அதற்கு அடுத்து எல்லாருக்கும் கதவு திறந்திருக்கும் கம்யூனிட்டி காலேஜ்கள். கீழே சேர்ந்தவர் இரண்டு ஆண்டு படித்து மேலே ஏறலாம் என்பது திட்டத்திலேயே இருந்தது. இன்று இந்த மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள். மாநிலவாசிகளுக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், குவார்ட்டர் முறையில் 31 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். நான் 2019-இல் யு.சி.யில் சேர்ந்தபோது அங்கே ஓராண்டுக் கட்டணம் மட்டும் 14,000 டாலருக்கு மேல்.

மாநிலவாசிகளுக்கு என்று சொன்னேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வந்தது 2015 கோடையில், எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தரும் விசாவில். எச்-4-இல் இருப்பவரும் கலிபோர்னியாவின் மாநிலவாசியாகக் கணக்கில் வரலாம். ஆனால் வந்து ஓராண்டும் ஒரு நாளும் ஆகியிருக்க வேண்டும், இங்கேயே தங்குகிற எண்ணத்துக்கு ஓட்டுநர் உரிமம், வரிக் கணக்கு போன்ற ஆதாரங்கள் வேண்டும். அந்த நாளுக்காகக் காத்திருந்து 2016 இலையுதிர் பருவத்தில் சேர்ந்தேன். காத்திருந்தது சரிதான். வெளி மாநிலத்தவராகக் கணக்கிட்டால், 2019-20-இல் யு.சி.யில் கட்டணத்துக்கு மேல் இன்னொரு 29,000 டாலர் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

சரி, அந்த 36-க்கு வருகிறேன்.

ஒன்றரையால் வகுத்தது எளிதான சங்கதி. பெரும்பாலான கல்லூரிகள் செமஸ்டர் முறை. நான் முதலில் படித்தது குவார்ட்டர் முறை. குவார்ட்டர் யூனிட் சிறியது. 60 செமஸ்டர் யூனிட் என்பது 90 குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம். நான் கேள்விப்பட்ட 60 செமஸ்டர் கணக்கு. என் கையில் இருந்தது குவார்ட்டர் கணக்கு. ரூபாயையும் டாலரையும் ஒரே பையில் போட்டு எண்ணிய மாதிரி.

போன அந்த 9-தான் மனதை அறுத்தது. அதில் 5 யூனிட் ஆங்கில வகுப்பு. 2016-இல் சேரும்போது ஒரு தேர்வு வைத்தார்கள். கல்லூரி அளவு ஆங்கிலத்துக்கு ஒரு படி கீழே என்னை உட்கார வைத்தார்கள். அந்தக் கீழ்ப்படி வகுப்பு பல்கலைக்கழகக் கணக்கில் வராது. பத்து வாரம் கட்டுரை கட்டுரையாக எழுதினேன், நிறையக் கற்றுக்கொண்டேன், ஆனால் யூனிட் பூஜ்யம். இப்போது சேர்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2017-இல் ஏ.பி. 705 என்று ஒரு சட்டம் வந்தது. சேர்ந்த ஓராண்டுக்குள் பல்கலைக்கழகக் கணக்கில் சேரும் ஆங்கிலமும் கணக்கும் மாணவர் முடிக்கும்படியாகத்தான் கல்லூரிகள் அவரை வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது அது. யாராவது உங்களைக் கீழ்ப்படியில் உட்காரச் சொன்னால், நேராகக் கல்லூரி அளவு வகுப்பும் கூடவே ஒரு துணை வகுப்பும் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மீதி 4 யூனிட், வேர்டும் எக்செலும் சொல்லித்தரும் கணினி வகுப்பு. அது என் தவறு. பாடப் பட்டியலில் அதற்குப் பக்கத்தில் ‘மாற்றத்தக்கது’ என்று போட்டிருந்தது. எங்கே மாற்றத்தக்கது என்று நான் பார்க்கவில்லை. சி.எஸ்.யு.வுக்கு மட்டும். யு.சி. அதை ஏற்காது.

கவுன்சிலர் அன்று எனக்குச் சொன்னதன் சாரம் இதுதான். யாராவது ஒரு வகுப்பை ‘மாறும்’ என்று சொன்னால், மூன்று கேள்வி கேட்க வேண்டும். முதலாவது, யூனிட் ஏறுமா? இரண்டாவது, எல்லாரும் முடிக்க வேண்டிய பொதுப் பாடங்களில் ஏதாவது ஒன்றை அது அடைக்குமா? மூன்றாவது, நான் எடுக்கப்போகும் முதன்மைப் பாடத்துக்கு, நான் போகப்போகும் அதே வளாகத்தில், இந்த வகுப்புக்கு ஈடான வகுப்பு உண்டா? ஒரு வகுப்பு முதல் கேள்வியில் தேறி மற்ற இரண்டிலும் தோற்கலாம். அப்போது யூனிட் எண்ணிக்கை ஏறும். ஆனால் பட்டத்துக்குத் தேவையான எந்தக் கட்டமும் நிரம்பாது. அறுபதும் நிறைந்து, மாறிப் போன பிறகு முதலாம் ஆண்டுப் பாடங்களை உட்கார்ந்து படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேர்க்கை கிடைப்பது வேறு, படித்தது செல்லுபடியாவது வேறு.

மூன்று கேள்விக்கும் விடை அசிஸ்ட் என்ற ஒரே தளத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவின் பொதுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் அதிகாரபூர்வமான பதிவு அது. உங்கள் கல்லூரி, போகும் வளாகம், ஆண்டு, முதன்மைப் பாடம் என்று கொடுத்தால் இரண்டு பத்தியாக வரும். ஒரு பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், மறுபக்கம் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் இருக்கும் பாடம். ‘ஈடான பாடம் இல்லை’ என்று வந்தால், பக்கத்துக் கல்லூரியில் தேடலாம், அல்லது போன பிறகு படிக்கலாம். ஆண்டைக் கவனியுங்கள். ஒப்பந்தங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நீங்கள் அந்த வகுப்பைப் படித்த ஆண்டின் பக்கம்தான் உங்களுக்குப் பேசும். நான் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, தேதி போட்டு, ஃபைலில் வைத்தேன். பின்னால் ஒருமுறை ஒரு பாடத்தின் எண் மாறியிருந்தபோது அந்தத் தாள்தான் காப்பாற்றியது.

இதைவிடப் பெரிய இடறல் கால்குலஸில் வந்தது. ஊரில் பி.எஸ்சி. கணிதம் இரண்டு ஆண்டு படித்தவள் நான். மூன்றாம் ஆண்டுக்கு முன் கல்யாணம், பிறகு சென்னை, பிறகு இங்கே. புள்ளியியல் படிக்க வேண்டும் என்பது எனக்குப் பழைய ஆசை. ஆகவே கால்குலஸ் வரிசை முழுதும் முடிக்க வேண்டும். குவார்ட்டர் கல்லூரியில் அந்த வரிசை நான்கு வகுப்பு. செமஸ்டர் கல்லூரியில் அதே பாடத்தை மூன்றாகப் பகுத்திருப்பார்கள். நான்கில் இரண்டு முடித்த நிலையில், கணவருக்கு வேலை இடம் மாறியது. சான் ஹோசேப் பக்கம் வாடகை கொடுத்து மாளவும் இல்லை. மார்ட்டினெஸ் பக்கம் குடி வந்தோம். இங்கே செமஸ்டர்.

நான்கில் இரண்டு என்றால் பாதி. மூன்றில் பாதி என்பது ஒன்றரை. ஒன்றரை வகுப்பு முடித்தவளை எங்கே உட்கார வைப்பது? முதல் வகுப்பு முழுதும் தெரியும், இரண்டாம் வகுப்பில் தொகையீட்டு முறைகள் தெரியும், முடிவிலாத் தொடர்கள் தெரியாது. இரண்டாம் வகுப்பில் சேர்வதென்றால், முதல் வகுப்புக்கு ஈடாகப் படித்தேன் என்று காட்டப் பழைய கல்லூரியின் பாடத்திட்டத் தாள் வேண்டும் என்றார்கள். அதை நான் வைத்திருக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் இணையக் கணக்கு மூடிவிட்டது. பழைய ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டு, அவர் விடுமுறை முடிந்து வந்து அனுப்பியபோது வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது. ஒரு செமஸ்டர் போச்சு. பிறகு 2018 வசந்தத்தில் இரண்டாம் வகுப்பு எடுத்தபோது பாதி ஏற்கெனவே படித்தது. பின்னால் யு.சி. கணக்குப் பார்த்தபோது, இரண்டு முறை படித்த அந்தப் பகுதிக்கான யூனிட்டை ஒரு முறைதான் எண்ணினார்கள். நியாயம்தான்.

அதனால் சொல்கிறேன். கால்குலஸ், இயற்பியல், வேதியியல், உயிரியல் போல வரிசையாக வரும் பாடங்களைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடித்துவிடுங்கள். வீடு மாறினாலும் ஒரு பருவம் பஸ்ஸிலோ இணைய வழியிலோ போய் முடித்துவிட முடியுமா பாருங்கள். எந்த வகுப்பில் சேர்ந்தாலும் முதல் வாரமே பாடத்திட்டத் தாளைப் பிடிஎஃப்பாக இறக்கி, கல்லூரிக் கணக்கில் இல்லாமல் உங்கள் சொந்தக் கணக்கில் வையுங்கள். என்னிடம் இப்போது இருபத்தொன்று இருக்கின்றன. எதையும் அழிக்க மனம் வரவில்லை.

யு.சி.யின் ஆறு வளாகங்கள் டேக் என்ற சேர்க்கை உறுதி தருகின்றன: டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். பெர்க்லியும் யு.சி.எல்.ஏ.வும் சான் டியேகோவும் இதில் இல்லை. ஆறில் ஒன்றுக்குத்தான் போடலாம். செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டுமே வாங்குவார்கள். முதன்மைப் பாடத்துக்கு ஏற்ப மார்க் நிபந்தனையும் உண்டு, சில பாடங்களுக்கு டேக் கிடையாது. 2018 செப்டம்பரில் டேவிஸில் புள்ளியியலுக்குப் போட்டேன். டேக் போட்டால் போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். போதாது. இலையுதிர் காலத்தில் வழக்கமான விண்ணப்பமும் போட வேண்டும். ஜனவரியில், முடிந்த பருவத்தின் மார்க்கையும் வரும் பருவத்தின் வகுப்புகளையும் புதுப்பித்துத் தர வேண்டும். இதற்கு விண்ணப்பம் மாதிரி ஆரவாரம் இல்லை, ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான். நான் அதைச் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன்.

விண்ணப்பத்தில் இதுவரை படித்த எல்லாக் கல்லூரியையும் சொல்ல வேண்டும். பாதியில் விட்டது, தோற்றது, வேறு நாட்டில் படித்தது, எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தது தெரிந்தால் கிடைத்த சேர்க்கையையே ரத்து செய்யலாம். என் பி.எஸ்சி. இரண்டு ஆண்டையும் போட்டேன். இங்கே நான் செய்த வீண் செலவு ஒன்று. ஊர் மார்க்கை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றித் தரும் நிறுவனம் ஒன்றில் இருநூறு டாலருக்குமேல் கட்டி அறிக்கை வாங்கினேன். யு.சி. அப்படி மாற்றிக் கேட்பதில்லை. மார்க் பட்டியலில் உள்ளபடியே போடச் சொல்கிறது, தானே மதிப்பிடுகிறது. சில கம்யூனிட்டி காலேஜ்கள் தங்கள் தேவைக்கு அந்த அறிக்கையைக் கேட்கும். யார் கேட்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சீல் வைத்த உறையில் மார்க் பட்டியல் வாங்க, தம்பி ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு டிடி எடுத்துக்கொண்டு இரண்டு தடவை அலைந்தான்.

அந்த இரண்டு ஆண்டுப் படிப்பு எனக்கு என்ன கொடுத்தது? பொதுப் பாடங்களுக்கு ஐஜெட்சி என்று ஒரு தொகுப்பு அப்போது இருந்தது. ஆங்கிலம், கணக்கு, கலை, சமூக அறிவியல், அறிவியல், மொழி என்று கட்டங்கள்; எல்லாவற்றையும் அடைத்து, கல்லூரி சான்று கொடுத்தால், யு.சி.யோ சி.எஸ்.யு.வோ அங்கே போய்க் கீழ்நிலைப் பொதுப் பாடம் படிக்க வேண்டாம். அந்தத் தொகுப்பில் அமெரிக்க அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுக் கல்லூரிப் பாடம் நுழையாது. நான் ராத்திரி விளக்கில் படித்துத் தேறிய பகுமுறை வடிவியல், இயற்கணிதம் எதுவும் எந்தக் கட்டத்தையும் அடைக்கவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது கண்ணீர் வந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை; உழைத்த உழைப்பு அது.

ஆனால் இதைச் சொன்ன அதே உட்காரலில் கவுன்சிலர் இன்னொன்று கேட்டார். “பள்ளியில் எந்த மொழியில் படித்தாய்?” தமிழ் என்றேன். “எந்த வகுப்பு வரை?” பன்னிரண்டு வரை என்றேன். ஐஜெட்சியில் ஆங்கிலம் அல்லாத மொழிக்கு ஒரு கட்டம் உண்டு, யு.சி.க்குப் போகிறவர்களுக்கு. ஸ்பானிஷோ பிரெஞ்சோ ஒரு வகுப்பு எடுத்து அடைப்பது வழக்கம். விதியில் இன்னொரு வழியும் இருந்தது. ஆறாம் வகுப்போ அதற்கு மேலோ, ஆங்கிலம் பயிற்று மொழியாக இல்லாத பள்ளியில் இரண்டு ஆண்டு நன்றாகத் தேறிப் படித்திருந்தால் போதும். ஆதாரம் வேண்டும்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கம். அரசுப் பள்ளி. இங்கிலீஷ் வரவில்லையே என்று கல்லூரி நாள் முழுதும் கூனிக் குறுகி நின்றதற்குக் காரணம் என்று நான் நினைத்திருந்த அதே தமிழ் வழிப் படிப்பை, இங்கே ஒருவர் தகுதி என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். தமிழ்நாட்டில் 2010-இல் வந்த சட்டப்படி, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்காகப் பள்ளிகள் தமிழ் வழியில் பயின்ற சான்றிதழ் தருகின்றன. அதையே வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பாவுக்குத்தான் தோன்றியது. மறுநாளே பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியை, “டிஎன்பிஎஸ்சிக்காங்கய்யா?” என்று கேட்டாராம். “இல்லைங்க டீச்சர், அமெரிக்காவுல காலேஜுக்குக் கேக்குறாங்க” என்றாராம் அப்பா. தலைமையாசிரியை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, சான்றிதழோடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிற்று மொழி தமிழ் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதி, பள்ளி முத்திரை வைத்துக் கொடுத்தார். மார்க் பட்டியல் நகல்களும் சேர்த்து ஸ்பீட் போஸ்டில் வந்தது. மொழிக் கட்டம் நிரம்பியது. ஒரு முழு வகுப்பு மிச்சம். கால்குலஸில் இழந்த செமஸ்டரில் ஒரு பங்கு திரும்பி வந்த மாதிரி.

இன்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இது இப்படியே இராது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து ஐஜெட்சிக்குப் பதில் கால்-கெட்சி என்ற ஒரே தொகுப்பு யு.சி.க்கும் சி.எஸ்.யு.வுக்கும் வந்திருக்கிறது. அதில் மொழிக் கட்டம் இல்லை. இனக் குழுக்களைப் பற்றிய பாடத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதே பருவத்திலிருந்து எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் பொதுவான பாடங்களுக்கு ஒரே எண் கொடுக்கும் வேலையும் படிப்படியாகத் தொடங்கியிருக்கிறது. எனக்கு நடந்த மாதிரி கல்லூரி மாறுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. இருந்தாலும் பழைய சான்றிதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த விதியில் எந்தத் தாள் கை கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

பொதுப் பாடத் தொகுப்புக்கான சான்று தானாகப் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டு வாங்க வேண்டும். பல கம்யூனிட்டி காலேஜ்களில் படித்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியாகப் படித்த கல்லூரி கொடுக்கும். முதல் கல்லூரியின் மார்க் பட்டியல் அவர்கள் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். நான் மே மாதமே விண்ணப்பம் கொடுத்தேன். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனதால் நேரியல் இயற்கணிதம் கடைசிப் பருவத்தில் வந்து நின்றது. அதில் தேறாமல் போனால் கிடைத்த சேர்க்கையே போய்விடும் என்ற பயத்தில் அந்த வசந்தம் முழுதும் தூக்கம் இல்லை. ‘பி’ கிரேடு வந்தது. ஜூலை 1-க்குள் இறுதி மார்க் பட்டியல்கள் டேவிஸுக்குப் போக வேண்டும். ஜூன் மூன்றாம் வாரத்தில் போய்ச் சேர்ந்தன.

2019 செப்டம்பரில் மார்ட்டினெஸிலிருந்து ரயிலில் டேவிஸ் போகத் தொடங்கினேன். இரண்டு குவார்ட்டர் ரயில். பிறகு கொரோனா வந்து எல்லாம் சமையலறை மேசைக்கு வந்துவிட்டது. 2021-இல் பட்டம் வாங்கினேன். ஊர் பி.எஸ்சி.யிலிருந்து சில யூனிட்டுகள் பொதுக் கணக்கில் ஏறியிருந்தன. அவை எந்தத் தேவையையும் அடைக்கவில்லை. ஆனால் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் இருந்தது.

பட்டம் வந்த அன்று அப்பாவிடம் பேசினேன். முதலில் கேட்டது, “அந்தச் சான்றிதழ் உபயோகப்பட்டுச்சா தாயி?” என்றுதான். ஒரு வகுப்பே குறைந்தது என்றேன். “அப்ப டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்” என்றார். பள்ளி மூடியிருந்த காலம் அது. திறந்ததும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.